சுவரில் ஓதம், குடித்தனக்காரர் மேல் பழி

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று கனமான விசயங்களைப் பேசிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தன் எழுந்து வந்து வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றிப் பேசப்போறேன்னு சொன்னா சிரிப்பு வரத்தான் செய்யும். பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சதைப் பார்த்தேன். பரவாயில்லை. ஆனா இந்த அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் சென்னையிலோ மதுரையிலோ வாடகை அறை எடுத்துப் படிக்கிறீங்க, எத்தனை பேர் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருக்கீங்கன்னு கேட்டா, கை தூக்காதவங்களை எண்ணுவதுதான் சுலபமா இருக்கும். மழைக்காலத்தில் உங்க கட்டில் ஓரத்துச் சுவர் என்ன நிறத்தில் இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊரில் இதுக்கு ஓதம் என்று பேர். "சுவர் ஓதம் காக்குது", "ஓதம் ஏறிப்போச்சு" என்போம். ஓதம் தங்கின இடத்தில் கறுப்புப் புள்ளி விழும், பிறகு பச்சையும் சாம்பலுமாப் படரும். துணியில் வாடை ஏறும், புத்தக அட்டை பூத்துப்போகும், குழந்தைக்கு இருமல் விடாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் சொல்ற முதல் வாக்கியம் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் இப்படிச் சொல்லலையே, நீங்க எப்படிப் புழங்குறீங்களோ?"

இந்தப் 'புழக்கம்' என்ற சொல்லைக் கவனிக்கணும். வீட்டைப் பயன்படுத்துகிற விதத்துக்கும் அதுதான் சொல். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கும் அதே சொல்தான். "அவங்களோட நாங்க புழங்குறதில்லை" என்பார்கள். ஒரு சுவரின் கோளாறைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் ஏன் தானா வந்து விழுது என்பதுதான் எனக்குக் கேள்வி. அதுக்குப் போறதுக்கு முன்னாடி பூஞ்சை எப்படி வருதுன்னு கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சுக்கணும். தெரியலைன்னா வீட்டுக்காரர் சொல்றதை நாமே நம்பிடுவோம்.

பூஞ்சையின் விதைத்துகள் காற்றில் எல்லா இடத்திலும் மிதக்குது. பண்ணையார் வீட்டிலும் உண்டு, சேரியிலும் உண்டு. அது ஒட்டி முளைக்க ஈரம் வேணும், அவ்வளவுதான். ஈரம் மூன்று வழியாக வருது. ஒன்று, தரையிலிருந்து சுவரில் ஏறுவது. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் பூச்சுப் போடாமல் கட்டினால், செங்கல் விளக்குத்திரி மாதிரி மண்ணிலிருந்து தண்ணியை உறிஞ்சும். இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிஞ்சு, கைவச்சா மாவாக் கொட்டும். இரண்டாவது, மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் இறங்குவது. மொட்டைமாடித் தளத்தில் வெடிப்பு, சுவருக்குள் பதித்த குழாயில் கசிவு, சன்ஷேடில் தேங்குகிற மழைத்தண்ணி, பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர். இந்த ரெண்டிலும் குடியிருக்கிறவன் செய்யக்கூடியது எதுவும் இல்லை, பார்த்ததும் சொல்வதைத் தவிர.

மூன்றாவது வழியில்தான் சண்டையே. அது வீட்டுக்குள் உண்டாகிற ஆவி. சோறு வடிக்கிறோம், குளிக்கிறோம், மழைநாளில் துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போடுறோம், தூங்கும்போது மூச்சு விடுறோம். ஒரு குடும்பம் உயிரோடு இருந்தாலே ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணி ஆவியாகிக் காற்றில் சேரும். அது வெளியேற ஜன்னலோ வென்டிலேட்டரோ காற்றை இழுத்துத் தள்ளும் மின்விசிறியோ இருந்தால் போய்விடும். இல்லைன்னா வீட்டிலேயே குளிர்ச்சியா இருக்கிற சுவரைத் தேடிப்போய் அதில் வேர்க்கும். வேர்த்த இடத்தில் பூஞ்சை. இங்கேதான் வீட்டுக்காரர் விரலை நீட்டுவார்: ஆவியை உண்டாக்கினது நீதானே?

உண்மைதான், ஆவியை உண்டாக்கினது நாம்தான். ஆனா மனிதர் சமைத்துக் குளித்து மூச்சுவிடுவார்கள் என்று தெரிஞ்சுதானே அதை வீடு என்று சொல்லி வாடகை வாங்குகிறார்? பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு ஜன்னல் வைத்து, அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்து, அதில் ஐந்து பேருக்குக் குடித்தனம் விட்டது யார்? ஜன்னல் எத்தனை, எங்கே என்ற முடிவு நம்ம கையில் இருந்ததே கிடையாது.

நம்ம பங்கு ஒன்றுமே இல்லைன்னு சொல்ல வரலை. இருக்கிற வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தால், வாஷர் போன குழாயை மாதக்கணக்கில் ஒழுக விட்டால், ஓதம் தெரிந்தும் அலமாரியை அந்தச் சுவரோடு ஒட்டிப்போட்டு மறைத்து வைத்தால் அது நம்ம தப்புதான், அதை ஒத்துக்கணும். நியாயம் பேசுறவனுக்கு அந்த நாணயம் வேணும். ஆனா பத்தில் எட்டு வீட்டில் நான் பார்ப்பது மொட்டைமாடித் தளம் வெடிச்சிருக்கும், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சுத்தம் போதாதுன்னு பேச்சு நடக்கும்.

இந்தப் பேச்சு எதுவரை போகும் என்பதற்கு நம்ம நாட்டிலிருந்து அல்ல, இங்கிலாந்திலிருந்து ஒரு வழக்கைச் சொல்றேன். அந்த நாட்டை ஏன் எடுக்கிறேன்னா, அங்கே இந்தப் பிரச்சினை ஒரு குழந்தையின் சாவாகி, விசாரணையாகி, சட்டமாகி, ஒவ்வொரு கட்டமும் எழுத்தில் பதிவாகியிருக்கு. நம்ம ஊரில் ஓதம் பிடித்த வீட்டில் மூச்சுத்திணறிச் செத்த குழந்தையின் இறப்புச் சான்றிதழில் சுவரைப் பற்றி யாரும் எழுத மாட்டாங்க.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் பேர்பெற்ற ஊர். அங்கே ராச்டேல் பரோவைட் ஹவுசிங் என்கிற அமைப்பு, குறைந்த வாடகைக்கு வீடு விடும் சமூக வீட்டுவசதி அமைப்பு. அதாவது நம்ம குடிசை மாற்று வாரியம் மாதிரி, ஆனா வீடுகளுக்கு மாத வாடகை வாங்கும். அந்தக் குடியிருப்பில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம். 2017லேயே அப்பா பூஞ்சை பற்றிப் புகார் சொல்லிவிட்டார். கிடைத்த பதில், மேலே பெயிண்ட் அடிச்சுக்கோ. 2018 டிசம்பரில் அவருக்கு ஒரு பையன் பிறந்தான், பேரு அவாப் இஷாக். பையன் பிறந்து வளர, சுவரிலும் பூஞ்சை வளர்ந்துகொண்டே போனது. 2020 ஜூலையில் வீடு வீடாக வந்து குழந்தைகளைப் பார்க்கும் சுகாதார ஊழியர் ஒருவர் இந்தப் பூஞ்சை குழந்தைக்கு ஆகாது என்று வீட்டுவசதி அமைப்புக்கு எழுதினார். அதே மாதம் அமைப்பின் ஆளே வந்து பார்த்தார். சமையலறையிலும் குளியலறையிலும் பூஞ்சை இருக்கு, வேலை செய்யணும்னு பதிவும் செய்தார். வேலை நடக்கவில்லை.

ஏன் நடக்கலை என்பதைக் கேளுங்க. இது சட்டம் படிக்கிற தோழர்களுக்கு முக்கியம். அப்பா அலைந்து அலைந்து பார்த்துவிட்டு 2020 ஜூனில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து உரிமை கோரினார். அமைப்புக்குள் ஒரு விதி இருந்தது: குடியிருப்பவர் வக்கீல் மூலமா வந்துவிட்டால், வக்கீல்களுக்குள் உடன்பாடு வரும்வரை பழுதுபார்க்கும் வேலையில் கைவைக்கக் கூடாது. ஆக, அமைதியாக் கேட்டால் பெயிண்ட் அடிச்சுக்கோ, சட்டப்படி கேட்டால் வேலை நிறுத்தம். இப்படிப்பட்ட விதியை யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சமான அறையில், தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டிருப்பான்.

2020 டிசம்பர் 21 அன்று அவாப் இறந்துபோனான். இரண்டாவது பிறந்தநாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது.

அகால மரணங்களை விசாரிக்கும் அதிகாரிக்கு அங்கே கொரோனர் என்று பேர். ஜோவன் கியர்ஸ்லி என்ற கொரோனர் விசாரித்து 2022 நவம்பரில் முடிவு சொன்னார். வீட்டுப் பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததால் உண்டான கடுமையான மூச்சுக்குழல் பாதிப்பில்தான் குழந்தை இறந்தான். அந்த வீட்டில் காற்றோட்டம் போதுமானதாக இல்லை. பூஞ்சையைச் சரிசெய்யும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. ஒரு நாட்டின் அதிகாரபூர்வமான மரண விசாரணையில், ஒரு சுவரின் நிலை சாவுக்குக் காரணமாக எழுதப்பட்டது.

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொன்றுதான் நான் இதைச் சொல்வதற்குக் காரணம். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேட்டபோது என்ன வெளிவந்தது? அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று அமைப்பு தானாகவே முடிவு செய்திருந்தது. அவங்க சமைக்கிற விதம், குளிக்கிற விதம். சடங்கு முறையில் வாளியில் தண்ணி மொண்டு குளிப்பாங்க, அதனால்தான் குளியலறை ஈரமா இருக்குன்னு ஒரு அனுமானம். குடும்பம் அப்படி எதுவும் செய்யலைன்னு மறுத்தது. யாரும் அவங்ககிட்ட ஒழுங்கா விசாரித்திருக்கவும் இல்லை. தாங்கள் அனுமானத்தில் போனது தவறு என்று கடைசியில் அமைப்பே ஒப்புக்கொண்டது. குழந்தை போய் இரண்டு வருசத்துக்குப் பிறகு.

வாளியில் தண்ணி மொண்டு குளிக்கிறவங்கன்னா யாரு தோழர்களே? இந்த அறையில் இருக்கிற எல்லோரும்தான். சூடானிலிருந்து வந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பார்த்த வெள்ளை அதிகாரியின் மனத்தில் எழுந்த படமும், "நீங்க எப்படிப் புழங்குறீங்களோ" என்கிற நம்ம ஊர் வீட்டுக்காரரின் கேள்வியும் ஒரே வேலையைத்தான் செய்யுது. கட்டடத்தில் இருக்கிற அழுக்கைக் கழற்றி, குடியிருக்கிறவன் உடம்பில் மாட்டிவிடுவது. சாதி இத்தனை நூற்றாண்டாகச் செய்ததும் இதைத்தானே. ஊரின் மலத்தை அள்ள வைத்தான்; அள்ளினவனை அசுத்தம் என்றான். சேரிக்குத் தாழ்வான இடத்தைக் கொடுத்தான். அங்கே தண்ணி தேங்கினதும் சேரிக்காரன் சுத்தமில்லாதவன் என்றான்.

இங்கிலாந்தில் வீட்டுவசதிப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் என்கிற நடுவர் அலுவலகம் இருக்கு. அவாப் இறந்தபின், விசாரணை முடிவு வருவதற்கு முன்னாடியே, 2021 அக்டோபரில் அது ஓதம் பற்றி ஒரு அறிக்கை போட்டது. அது வாழ்க்கைமுறைப் பிரச்சினை அல்ல என்பது அறிக்கையின் தலைப்பிலேயே இருந்தது. இதை ஒரு அரசு சார்ந்த அலுவலகம் தலைப்பாக வைத்துச் சொல்லவேண்டிய நிலை இருந்ததுன்னா, அந்தப் பழிபோடும் பழக்கம் அங்கே எவ்வளவு ஊறியிருக்கணும்?

பெற்றோரும் மக்களும் விடாமல் நின்றதால் 2023 ஜூலையில் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதில் இதற்கான பிரிவுக்கு அவாப் சட்டம் என்றே பேர். 2025 அக்டோபர் 27லிருந்து அதன் முதல் கட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ளதைக் கேளுங்க. உயிருக்கு ஆபத்தான நிலைன்னா 24 மணி நேரத்துக்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்கணும். கடுமையான ஓதம், பூஞ்சைன்னா புகார் தெரிந்ததிலிருந்து 10 வேலைநாளுக்குள் ஆய்வு செய்யணும். ஆய்வு முடிந்த 3 வேலைநாளுக்குள் என்ன கண்டோம் என்பதை எழுத்தில் குடியிருப்பவருக்குக் கொடுக்கணும். 5 வேலைநாளுக்குள் வீட்டை ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவரணும். அந்தக் கெடுவுக்குள் முடியலைன்னா வேறு இடத்தில் தங்க வைக்கணும், அமைப்பின் செலவில். இது சமூக வீடுகளுக்குத்தான். தனியார் வாடகை வீடுகளுக்கும் நீட்டிக்க 2025இல் வந்த வாடகையாளர் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கு. 'உரிய காலத்துக்குள்' என்று வக்கீல் மொழியில் எழுதாமல், நாள் கணக்கை எண்ணில் எழுதினாங்க பாருங்க, அதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். ஏழைக்கு 'உரிய காலம்' வந்ததே இல்லை.

அந்த நாட்டுச் சட்டம் இதற்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு ஒரு வார்த்தை. வேல்ஸில் டாஃப் எலி என்கிற உள்ளாட்சிக்குச் சொந்தமான வாடகை வீடு. இரும்புச் சட்ட ஜன்னல், அதில் குளிரில் நீர் வேர்த்து, வீடு முழுக்க ஈரம், சாமான்களும் துணிமணியும் அழுகிப்போச்சு. குடியிருந்தவர் வழக்குப் போட்டார். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: பழுது என்றால் நல்லா இருந்தது கெட்டுப்போயிருக்கணும். இந்த ஜன்னல் கெடவில்லை, கட்டும்போதே இப்படித்தான் இருந்தது, ஆகவே பழுதுபார்க்கும் கடமை எழவில்லை. சரியாப் புரிஞ்சுக்குங்க. வீடு பிறவியிலேயே மோசமா இருந்தால் வீட்டுக்காரன் தப்பிச்சான்! மனிதர் வாழத் தகுந்த வீடாக இருக்கணும் என்று தனிச்சட்டம் கொண்டுவந்து, 2019 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்த ஓட்டை அடைபட்டது.

இந்த ஓட்டை நமக்கு ஏன் முக்கியம்னா, நம்ம சட்டத்திலும் அதே மாதிரி ஒரு வாசகம் இருக்கு.

தமிழ்நாட்டில் 1960ஆம் வருசத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் என்று நீளமான பேர். அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்கணும்னு ரெண்டு பட்டியல் இருக்கு. குடியிருப்பவர் கெடுத்தது போக, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை, இதெல்லாம் வீட்டுக்காரர் பட்டியல். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, இதெல்லாம் குடியிருப்பவர் பட்டியல். பூஞ்சை என்கிற சொல்லே ரெண்டிலும் கிடையாது. ஆனா பூஞ்சைக்குக் காரணமான தண்ணி எங்கிருந்து வருதுன்னு தேடிப்போனா, தளம், சுவர், பதித்த குழாய் எல்லாம் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கு. வெள்ளையடிப்பதும் அவர் பக்கம்தான் என்பதைக் குறிச்சுக்குங்க. அறையைக் காலி செய்யும்போது "பெயிண்ட் அடிக்க" என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறாரே, எந்தக் கணக்கில் பிடிக்கிறார்? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருந்தால் அதைக் காட்டுவார். படிக்காமல் போடாதீங்க.

இப்போ அந்த வாசகம். குடியேறிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் வைத்திருக்கணும் என்பதுதான் ரெண்டு பேருக்கும் சட்டம் சொல்ற பொதுக்கடமை. குடியேறிய நாளிலேயே ஓதம் இருந்தால்? டாஃப் எலி ஜன்னல் கதைதான். அதனால்தான் வீட்டுக்காரர்கள் குடிவைக்கிறதுக்கு முந்தின வாரம் ஒரு கோட் டிஸ்டம்பர் அடிச்சு விடுறாங்க. பளபளன்னு இருக்கும். கார்த்திகை பிறந்ததும் உள்ளே இருந்தது வெளியே வரும்.

அந்தப் புதுப்பூச்சுக்குப் பதில் பழைய சட்டத்திலேயே இருக்கு. 1882ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்னும் உயிரோடு இருக்கு. வீட்டில் முக்கியமான குறை ஒன்று இருந்து, அது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்து, சாதாரணமாகப் பார்த்தால் குடிவருபவருக்குத் தெரியாததாக இருந்தால், அதை அவர் முன்கூட்டியே சொல்லணும். டிஸ்டம்பருக்கு அடியில் இருக்கிற பூஞ்சை அதுதானே? அதே பிரிவு இன்னொன்றும் சொல்லுது. தான் செய்யவேண்டிய பழுதை, தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யலைன்னா, குடியிருப்பவர் தானே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிச்சுக்கலாம். வெள்ளத்தால் வீடு குடியிருக்க ஆகாமல் போனால் ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம் என்றும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், ஊறிப்போன சுவருக்குள் உட்கார்ந்து முழு வாடகை கொடுத்தவங்க எத்தனை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்? 2017 சட்டத்திலும் வாடகையில் கழிக்கும் உரிமை இருக்கு. வீடு குடியிருக்கவே ஆகாத நிலைன்னா எழுத்தில் அறிவித்துவிட்டு வெளியேறவும் வழி இருக்கு.

இதையெல்லாம் கேட்டுட்டு ஒரு தோழர் மனசுக்குள் நினைக்கிறது எனக்குக் கேட்குது: சட்டம் இருக்கு அண்ணே, வீடு எங்கே இருக்கு?

அதுதான் நம்ம கேள்வி. இந்தச் சட்டங்கள் எல்லாமே, இந்த வீடு இல்லைன்னா இன்னொரு வீடு கிடைக்கும் ஆளை மனத்தில் வைத்து எழுதினது. வாடகைக்கு வீடு தேடிப் போனால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னாடி "நீங்க எந்த ஊரு, அப்பா பேரு என்ன, சைவமா அசைவமா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்கப்படுகிறவன் கதை வேற. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்கு அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பேரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். கிடைத்த இடம் தட்டுமுட்டுச் சாமான் குவித்த, வெளிச்சமில்லாத, வௌவால் பறக்கிற மாடி. பதினோராவது நாள் கம்போடு வந்து அதிலிருந்தும் விரட்டினார்கள். அந்த மாடியின் காற்றோட்டம் சரியில்லைன்னு அவர் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்?

பத்து வீடு ஏறி இறங்கி, பதினோராவது வீட்டில், எவரும் எடுக்காத ஓதம் பிடித்த பின்கட்டு அறை கிடைக்கும்போது நாம் அதை எடுக்கிறோம். அதுவும் எழுத்தில் எதுவும் இல்லாமல், வாய்வார்த்தையில். புதுச் சட்டப்படி எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அந்த அதிகாரி. அவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் தாள் அதுதான். நம்மில் பெரும்பாலோரிடம் அது கிடையாது. அதைக் கேட்டாலே "அப்போ வேற வீடு பார்த்துக்கப்பா" என்பார். பழுதுபார்க்கணும், காலி பண்ணு என்கிற வழியும் அவருக்கு இருக்கு. ஓதத்தைப் பற்றிப் புகார் சொல்லப்போய் வீட்டையே இழந்த குடும்பங்கள் நிறைய. ஆகவே யாரும் வாயைத் திறப்பதில்லை. வாய் திறக்காததையே "முன்னாடி இருந்தவங்க யாரும் சொல்லலையே" என்று நமக்கு எதிரா வைக்கிறார்கள்.

அரசாங்கமே வீட்டுக்காரனாக இருக்கும் இடத்தையும் சொல்லணும். சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில், 2021 ஆகஸ்டில், புதுச் சுவர்ப்பூச்சு விரலால் தொட்டாலே உதிர்ந்ததை நீங்க தொலைக்காட்சியில் பார்த்திருப்பீங்க. ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்து பூச்சின் தரக்குறைவைச் சொன்னார்கள். அது வாடகை வீடு அல்ல, ஒதுக்கீட்டு வீடு. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: சுவர் யாருடைய பொறுப்பு? வாரியத்தின் பேர் அந்த வருசமே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பூச்சும் பேரோடு சேர்ந்து மாறியிருந்தால் நல்லா இருந்திருக்கும். கே.பி. பார்க்கில் மக்கள் கூட்டாக வெளியே வந்து, கேமரா முன்னாடி சுவரைத் தொட்டுக் காட்டினதால்தான் ஆய்வே நடந்தது. தனித்தனியாப் போயிருந்தால் ஒவ்வொருவரிடமும் "ஆணி அடிச்சீங்களா, தண்ணி ஊத்திக் கழுவினீங்களா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பாங்க.

சரி, திங்கட்கிழமை காலையில் என்ன செய்யலாம்? அறையில் குடியேறும் அன்றைக்கே நாலு சுவரையும் தளத்தையும் கைபேசியில் படம் எடுங்க, தேதியோட. அலமாரிக்குப் பின்னாடியும் எடுங்க. கறை வந்ததும் துடைக்கிறதுக்கு முன்னாடி எடுங்க. பிளீச்சிங் போட்டுத் துடைச்சா கறைதான் போகும், ஈரம் அங்கேயேதான் இருக்கும், சாட்சிதான் அழியும். கறை எந்த உயரத்தில் இருக்கு, மழை பெய்தால் கூடுதா, மேல்வீட்டில் தண்ணி திறந்தால் கூடுதா என்று ரெண்டு வாரம் நோட்டில் குறியுங்க. தரையிலிருந்து ஏறினால் அஸ்திவாரம், மேலேயிருந்து இறங்கினால் தளம், குழாய் போகிற தடத்தில் மட்டும் என்றால் குழாய். "எப்படிப் புழங்குறீங்க" என்ற கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில். இருமலுக்கு மருத்துவரிடம் போனால் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்க, சீட்டில் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்க. ஈரமான, பூஞ்சை படிந்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் கூடுதலா வருதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2009இல் தொகுத்துச் சொல்லியிருக்கு, டாக்டர்கள் அறியாத செய்தி இல்லை அது.

அப்புறம் எழுத்து. வாயால் சொன்னது காற்றோட போயிடும். ஒரு பக்கக் கடிதம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, பதிவுத் தபாலில் அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தத் தேதியில் முதலில் பார்த்தீர்கள், எந்தச் சுவர், தண்ணி எங்கிருந்து வருவதாகத் தெரியுது, எந்தத் தேதிக்குள் வந்து பார்க்கணும். கெஞ்சலும் வேண்டாம், வசையும் வேண்டாம். ஒரே கட்டடத்தில் நாலு குடித்தனம் இருந்தால் நாலு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்க. ஒருத்தரைக் காலி பண்ணச் சொல்றது சுலபம், நாலு வாடகையையும் ஒரே மாதத்தில் இழக்க வீட்டுக்காரர் யோசிப்பார். விடுதித் தோழர்களுக்கும் இதேதான்: காப்பாளரிடம் ஒரு பிரதி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு ஒரு பிரதி, உங்க கையில் ஒரு பிரதி, ஒப்புகை முத்திரையோட.

கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கேன். முன்வரிசையில் இருக்கிற கட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்குங்க. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள தளத்து வெடிப்பை அடைக்கச் சொல்லிக் கேட்டால்தான் வேலை நடக்கும். தேதி போடுகிற இடத்தைக் காலியா விட்டிருக்கேன்.